யாழ்ப்பாணத்து உப்பு

கிளினிக் வாங்கில் என் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு முழங்கால் நோவையும் மருமக்களையும் பற்றிக் கதைக்கிற என் வயதுக்காரிகளே, இன்றைக்குக் கொஞ்சம் என்னைக் கதைக்க விடுங்கள். நீங்கள் எல்லாரும் பிரஷருக்குப் புதியவர்கள். பேரப்பிள்ளை கண்ட பிறகு வந்து சேர்ந்தவர்கள். நான் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே சேர்ந்துவிட்டேன். உங்களில் சிலருக்கு என்னைவிட வயது கூட. யார் யார் என்று வெளியில் சொல்லமாட்டேன். ஆனால் பிரஷரில் நான்தான் உங்கள் எல்லாருக்கும் மூத்தவள். அந்த மரியாதை எனக்கு வேண்டும்.

போன கிழமை நீங்கள் கூட்டமாக என் வீட்டுக்கு வந்தீர்கள். பேத்திக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு வந்தீர்கள். சந்தோஷம். தேத்தண்ணி குடித்தீர்கள். "இந்தச் சின்னப் பிள்ளைக்கு எங்கயணை பிரஷர், மெசின் பிழையாக்கும்" என்று ஆளுக்கொரு தரம் சொன்னீர்கள். அவளுடைய தலையைத் தடவினீர்கள். போனீர்கள். பிறகு நான் படுக்கையைத் தட்டி விரிக்கப் போனால், தலையணைக்குக் கீழே ஒரு மிக்சர் பக்கற்.

மெசின் பிழையில்லை. பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் சேர்க்கிறதற்காகப் பிள்ளைகளைச் சோதித்த இடத்தில்தான் அது பிடிபட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு நாள் பார்த்ததோடு விடவில்லை. வேறு வேறு நாட்களில் கூப்பிட்டு, பிள்ளையை ஆறுதலாக இருக்க வைத்து, அவளுடைய கைக்கு அளவான பட்டி கட்டிப் பார்த்தார். சிறுநீரகத்தை ஸ்கான் பண்ணிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார். உப்பை முழுக்க விட வேண்டாம், நல்லாய்க் குறைக்க வேண்டும். பக்கற்றில் வருகிறதெல்லாம் வேண்டாம். சோடா வேண்டாம். விளையாட்டை விடக்கூடாது. வேளைக்குப் படுக்க வேண்டும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ஒரு சின்ன மருந்துக் குளிசையும் தந்திருக்கிறார். இப்படியே ஒழுங்காகப் போனால் அவளுடைய சிறுநீரகமும் இருதயமும் பழுதில்லாமல் இருக்கும் என்றார். போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே சொல்லவில்லை. உங்களுடைய பிரஷர் ஏறும்.

அந்த மிக்சரை யார் வைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை. பாவம் பிள்ளை, வாய் செத்துப்போய் இருக்கிறாள் என்று இரங்கித்தான் வைத்திருப்பீர்கள். அந்த இரக்கம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது என்னைக் கொல்லப் பார்த்தது. பிறகு அதுவே என்னைக் காப்பாற்றியது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுடைய ஐயாவுக்கு வன்னிக் காட்டில், உருத்திரபுரத்தில் குடியேற்றக் காணி கிடைத்தபோது, யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரத்துச் சிரித்தவர் மாமி. ஐயாவின் மூத்த சகோதரி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. சீமெந்து கட்டின கிணறும், ஒரு தேசிக்காய் மரமும், ஊரெல்லாம் கேட்கிற வாயும் இருந்தன. "தம்பி, பிள்ளையைக் கொண்டுபோய்க் கரடிக்குக் குடுக்கப் போறாய்" என்று சந்தியில் நின்று சொன்னாராம். ஐயா மறுமொழி சொல்லாமல் கடகத்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் மறுமொழி அவருடைய தொண்டைக்குள் நின்றது. ஒவ்வொரு போகமும் நெல் விளைகிறபோது, "இதை அக்கா பாக்க வேணும்" என்பார். நெல்லை அக்கா பார்த்து என்ன செய்வது? நெல் யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் இருந்தது.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அந்த மாரியில் எனக்குக் காலெல்லாம் சிரங்கு. நாள் முழுக்க வாய்க்காலில் நின்றால் வேறென்ன வரும்? அம்மா வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவிக் கழுவி, அது ஒருவாறு காய்ந்து பொருக்கு விழுந்தது. வயல் வெட்டுகிற நேரம், ஒரு நாள் காலையில் எழும்பிக் கப்புத் தூணில் தொங்கிய வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன். அதற்குள் வேறொரு பெட்டை இருந்தாள். முகம் ஊதின பேக்கரிப் பணிஸ் மாதிரி. கண் இரண்டும் பணிஸுக்குள் புதைந்த முந்திரிகை வற்றல் மாதிரி.

ஐயாவுக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்தியே, பாத்தியே! வன்னித் தண்ணி பிள்ளைக்குப் பிடிச்சிட்டுது!"

என்னைச் சைக்கிள் பாரில் இருத்திச் சங்கக்கடைக்குக் கொண்டுபோனார். சாமான் ஒன்றும் வாங்கவில்லை. என்னைக் காட்டிவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல், புது நெல்லுச் சோறு சாப்பிட வரச்சொல்லி மாமிக்கும் சொல்லியனுப்பினார். மாமி வந்தார். வாசலில் நின்று வீட்டுக் கிடுகுக் கூரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மாட்டுக் கொட்டிலைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். கடைசியாக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ர குஞ்சு!" என்று ஓடிவந்து சொக்கையைக் கிள்ளினார். கையை எடுத்த பிறகும் விரல் பட்ட குழி அப்படியே நின்றது. "கன்னத்தில குழி விழுது, பாருங்கோவன்" என்று அதற்கும் ஒரு பாராட்டு. வீக்கத்தில் விழுந்த குழி அது. அழகென்று மூன்று பெரியவர்கள் சுற்றி நின்று ரசித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு முன்னம் என்னை யாரும் வடிவு என்று சொன்னதில்லை.

"தம்பி, நான் சொன்னதை விடு. இந்தக் காட்டுத் தண்ணியில ஏதோ இருக்கு" என்றார் மாமி.

ஐயா தன் வாழ்க்கையில் அக்காவிடம் வென்றது அந்த ஒரு நாள்தான். அதுவும் என்னுடைய வருத்தத்தை வைத்து வென்றார், பாவம்.

மாமி போய் யாழ்ப்பாணம் முழுக்க என் சொக்கையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், அம்மா ஒன்றைக் கவனித்துவிட்டார். நான் மூத்திரம் பெய்த இடத்தில் வெள்ளை மணல் தேயிலைச்சாயம் ஊற்றின மாதிரிக் கிடந்தது. எனக்குத் தலையிடி வேறு. விளையாடக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை. அம்மா ஐயாவைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட அக்காவுக்குக் காட்ட வேணுமெண்டு பிள்ளையின்ர வீக்கத்தைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள். இது கொழுப்பில்லை. நாளைக்கு விடிய மருந்துச்சாலைக்குப் போறம்."

பக்கத்து மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரி என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், காலை அமத்திப் பார்த்தார், வவுனியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ரயிலில் யன்னல் பக்கம் கிடைத்தது. இன்றுவரை நோய் வருத்தம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது அந்த யன்னல் காற்றுத்தான்.

வவுனியா டொக்டர் என் கையில் ஒரு துணிப்பட்டியைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமத்திக் காற்றடித்தார். நான் ஆஸ்பத்திரி இடிய அழுதேன். என் முகம் ஏற்கெனவே ஊதிக் கிடந்தது. இன்னும் காற்றடித்தால் வெடிப்பேன் என்று நினைத்தேன். பட்டி என் கை முழுக்க மூடி முழங்கையையும் தாண்டி நின்றது. டொக்டர் அதைக் கழற்றிவிட்டு, சின்னப் பட்டி ஒன்றைத் தேடி எடுத்துவரச் சொன்னார். "சின்னக் கையில பெரிய பட்டி கட்டினா உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டும்" என்று தாதிக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. சின்னப் பட்டி வந்தது. மறுபடியும் காற்று. டொக்டரின் முகம் மாறியது.

"பிள்ளைக்குப் பிரஷர் ஏறியிருக்கு."

ஐயா சிரித்துவிட்டார். பயத்தில் சிரிக்கிற ஆள் அவர். "டொக்டர், அது கொழும்பில கந்தோர் வேலை பாக்கிறவைக்கெல்லோ வாறது? இவள் இன்னும் ரெண்டாம் வகுப்பு."

"ரெண்டாம் வகுப்பில இருந்துகொண்டு கந்தோர்காரர்ர பிரஷர் வைச்சிருக்கிறாள். சிரங்கு வந்து மாறின பிறகு சில பிள்ளையளுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. அதாலதான் இந்த வீக்கம், அதாலதான் பிரஷர். பாத்து நடந்தால் முழுக்க மாறும். பாக்காட்டில் மூளைக்கு அடிக்கும்."

கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஊசி போட்டார்கள். ஊற்றுக் குழாய் திறந்த மாதிரி எல்லாத் தண்ணீரும் போய், முகம் பழைய குச்சி முகமாக வந்தது. வீட்டுக்கு விடுகிறபோது டொக்டர் அம்மாவிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: தான் சொல்லும்வரை உப்பில்லை. சோற்றில் இல்லை, கறியில் இல்லை, கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஒன்றிலும் இல்லை.

உப்பில்லாத சொதி குடித்திருக்கிறீர்களா? நனைந்த கடுதாசியை வாய்க்குள் வைத்து யோசித்துப் பாருங்கள். இரண்டு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். டொக்டர் சொன்னார் என்றால் எனக்கென்ன? டொக்டர் வவுனியாவில், நான் உருத்திரபுரத்தில். ஐயா கெஞ்சினார். பனங்கட்டி தருவதாகச் சொன்னார். அம்மா கெஞ்சவில்லை. பள்ளிக்கூடம் போகாத மனுஷி, ஆனால் ஆளைப் பிடிக்கிற இடம் தெரியும்.

ஒரு சின்ன மண்முட்டியைக் கழுவிக் காயவைத்து, மஞ்சள் துணி கட்டி, சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்ச பார். கடல் தண்ணியில விளக்கெரியிற எங்கட கண்ணகை அம்மாளாச்சி இருக்கிறா எல்லோ, முல்லைத்தீவுப் பக்கம்? அவவுக்கு உப்பெண்டால் விருப்பம். வைகாசிப் பொங்கல் வரைக்கும் உன்ர பங்கு உப்பை அவவுக்கு நேர்ந்திட்டன். இனி அது உன்ர உப்பில்லை. அவவின்ர."

அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அம்மா சிரட்டையிலிருந்து மூன்று விரலால் கிள்ளி எடுத்து, என் கண் முன்னால் முட்டிக்குள் போடுவார். உப்பு விழுகிற சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். முதலில் வெறும் மண்ணில் விழுகிற சத்தம், பிறகு உப்பில் உப்பு விழுகிற மெல்லிய சத்தம். நான் வாயைத் திறந்து சாப்பிட்டேன். சாப்பிடாமல் என்ன செய்ய? அம்மாளாச்சிக்கே நாளாந்தம் சாப்பாடு போடுகிற ஆள் அந்தக் குடியேற்றத்தில் நான் ஒருத்திதான். அயல் பெட்டைகள் முட்டியைப் பார்க்க வருவார்கள். துணியை நானே அவிழ்த்துக் காட்டுவேன். தொட விடமாட்டேன்.

கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒரு வேதக்காரப் பொம்பிளை இருந்தார். அவர் வாசல் படலைக்கு வரமுன்னம் வாசம் வந்துவிடும். விஷயத்தைக் கேட்டதும் கூடையை ஒழுங்கையிலேயே இறக்கி வைத்துவிட்டுத் தனியே வந்து என்னைப் பார்த்தார். "எங்களுக்குத் தவக்காலம் ஈஸ்டரோட முடியும். உனக்கு எப்ப மேனை முடியும்?" என்று கேட்டார். வைகாசி என்றேன். "அப்ப நீ எங்கட பங்குச் சுவாமியை விடப் பெரிய ஆள்" என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு உப்புப் போடாத பச்சை மீன் மட்டும் வந்தது.

இப்படி நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் மாமி திரும்பி வந்தார்.

எனக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, கடகம் நிறையச் சாமானோடு வந்தார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் சொக்கை இல்லை.

"என்னடி மச்சாள், பிள்ளையைக் காயப்போட்டு வைச்சிருக்கிறாய்?"

அம்மா முழு விஷயமும் சொன்னார். மாமி கேட்டார்தான். ஆனால் அவருடைய கண்ணுக்கு ஒரு கணக்குத்தான் தெரிந்தது: உப்புத் தின்றபோது பிள்ளை பணிஸ் மாதிரி இருந்தது, உப்பை நிற்பாட்டினதும் வாடிப்போயிற்று. "உப்பில்லாட்டில் இரத்தம் தண்ணியாப் போகும். வவுனியா டொக்டருக்குப் பிள்ளை வளத்துப் பழக்கமோ?" என்றார். மாமிக்கும் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லை. அதை அவரிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா வயலுக்குச் சோறு கொண்டு போய்விட்டார். மாமி என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டு, கடகத்துக்குள்ளிருந்து ஒரு சாடியை எடுத்தார். வாய்க்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் வந்த வாசம்! தேசிக்காய் ஊறுகாய். தன் மரத்துக் காயை வெயிலில் வைத்து வைத்து, கபில நிறமாய்ப் பழுக்க விட்டது. எனக்கு வாயூறி நாடியால் வடிந்தது.

"எனக்கு ஏலாது மாமி. அம்மாளாச்சிக்கு நேர்ந்தது."

மாமி யோசித்தார். கோயிலுக்குப் பயந்த மனுஷி. சும்மா சொல்லமாட்டார். நன்றாக யோசித்து, கோட்டில் வாதாடுகிற பிரக்கிராசி மாதிரிச் சொன்னார்.

"கொம்மா நேர்ந்தது இந்த வீட்டு உப்பை. இந்த ஊறுகாயில இருக்கிறது யாழ்ப்பாணத்து உப்பு. அது அம்மாளாச்சியின்ர கணக்கில வராது."

இதைவிட நல்ல நியாயத்தை நான் பிறகும் கேட்டதில்லை. ஒரு துண்டை நாக்கில் வைத்தார். உங்களுக்கு எப்படிச் சொல்ல? காது இரண்டும் சூடாகியது. கண்ணால் தண்ணீர் வந்தது. மாமிக்கும் வந்தது. "பாத்தியே, முகத்தில இரத்தம் ஓடுது" என்றார். அதற்குப் பிறகு அம்மா வயலுக்குப் போகிற நேரமெல்லாம் எங்களுக்கு யாழ்ப்பாணம்தான். அம்மாளாச்சியின் முட்டி ஒரு மணியும் குறையாமல் நிறைந்துகொண்டு வந்தது. என் முகமும் நிறைந்துகொண்டு வந்தது. "தேறிக்கொண்டு வாறாள்" என்றார் மாமி.

தலையிடி வந்தது. சொல்லவில்லை, சொன்னால் ஊறுகாய் நின்றுவிடும். பிறகு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒரு நாள் காலை, அம்மா முற்றத்தில் குரக்கன் இடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். உலக்கைச் சத்தம் தூரத்துக்குப் போவது மாதிரி இருந்தது. எழும்பிப் பார்க்க நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிச்சம் எனக்குச் சொன்னவர்கள் சொன்னது. கையும் காலும் இழுத்ததாம். கண் மேலே செருகினதாம். ஐயா என்னைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடினாராம். நெல்லு ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போன லொறி ஒன்றை மாமி நடு றோட்டில் நின்று மறித்தாராம். சாரதி கத்தினாராம். அதைவிட உரத்துக் கத்த மாமிக்கு முடியும்.

நெல்லு மூட்டையின் வாசம் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் அம்மா பிறகு எத்தனையோ தரம் சொன்னது.

டொக்டர் என்னைப் பார்த்து, மருந்து போட்டு, இழுப்பு அடங்கின பிறகு வெளியே வந்தாராம். கோபத்தில் இருந்தாராம்.

"உப்புக் குடுத்தனீங்களோ?"

"இல்லை டொக்டர்! அம்மாளாச்சி அறிய இல்லை. என்ர வீட்டில முட்டி நிறைய உப்புக் கிடக்கு, வந்து பாருங்கோ."

"அப்ப இது எப்பிடி?"

மாமி சீலைத் தலைப்புக்குள்ளிருந்து அந்தச் சாடியை எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தார். லொறிக்கு ஓடின அந்தர அவசரத்திலும் அதைக் கொண்டுவந்திருக்கிறார்.

"நான்தான். ஒவ்வொரு நாளும். பிள்ளை வாடிப்போச்செண்டு." பிறகு குரல் இறங்கியதாம். "அது இந்த ஊர் உப்பில்லை டொக்டர். யாழ்ப்பாணத்து உப்பு."

டொக்டர் சாடியைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை என்பார் அம்மா.

"அக்கா, உங்கட ஊறுகாய்க்குப் போட்டதும் ஆனையிறவு உப்பு. இவையின்ர சங்கக்கடையில விக்கிறதும் ஆனையிறவு உப்பு. எங்க விளைஞ்சாலும் பிள்ளையின்ர சிறுநீரகத்துக்கு ஒண்டுதான்."

ஐயா எழும்பி வெளியே போய்விட்டார். அக்காவுக்கு எதிராக வாய் திறந்து பழக்கமில்லாத ஆள் வேறென்ன செய்வார்? மாமி சுவரோடு சாய்ந்து நின்று, "நான் வீட்ட போறன். இனி இந்தப் பிள்ளையின்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்றார். நிற்பாட்டினவர் அம்மா.

"எங்க போறியள் மச்சாள்? கண் முழிச்சா முதல் உங்களைத்தான் கேக்கப்போறாள். இருங்கோ. இருந்து பாருங்கோ."

அப்படியே நான் முழித்ததும் கேட்டேன். "மாமி எங்க?" ஊறுகாய்க்காகத்தான் கேட்டேன். அவருக்கு அதை நான் ஒருபோதும் சொல்லவில்லை.

மாமி இருந்தார். கிணற்றையும் தேசி மரத்தையும் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு, எங்கள் கிடுகு வீட்டில் எனக்குப் பக்கத்தில் பாய் போட்டார். முதல் நாளே என் சோற்றுக் கோப்பையில் கைவைத்தார். "இனி நானும் இதைத்தான் தின்னப் போறன்." அம்மா இரண்டு பங்கு உப்பைக் கிள்ளி முட்டிக்குள் போட்டார். ஒரு வாய் வைத்ததும் மாமியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் புரையேறும்வரை சிரித்தேன். "சிரியடி, சிரி" என்று விழுங்கினார்.

அப்படிச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சமைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. தேசிப்புளியைக் கடைசியில் பிழிந்தார். மிளகும் சீரகமும் வறுத்து இடித்தார். உள்ளியைச் சுட்டுப் போட்டார். பழப்புளியில் பச்சை மீனைக் கிடத்தி, கறிவேப்பிலையை நெருப்பில் வாட்டி மேலே தூவினார். ஒரு மாதத்தில் நாக்கு உப்பை மறந்துவிட்டது. கத்தரிக்காய்க்கு இனிப்பு இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உப்பு அதுவரை அதை மறைத்து வைத்திருந்தது.

நான் மாமிக்கு நன்றி சொல்கிறேன் என்றால், அது சமைத்ததற்காக மட்டுமில்லை. ஆஸ்பத்திரியால் வந்த அடுத்த நாள் அவர் வேறொன்று செய்தார். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு படலையிலும் நின்று சொன்னார்.

"இது என்ர மருமகள். இவளுக்கு உப்பு ஆகாது. பாவமெண்டு நான் ஒளிச்சுக் குடுத்தன். பிள்ளை இழுத்துக்கொண்டு விழுந்தது, சாகப் பாத்தது. நான் செய்ததை நீங்கள் செய்யாதேங்கோ."

சந்தியில் நின்று தம்பியைப் பகிடி பண்ணின அதே வாய். அதே சத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய மனுஷி, காட்டுச் சனம் என்று தான் சிரித்தவர்களின் படலையில் நின்று தன் பிழையைச் சொன்னார். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், அதை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்ததால் கோபமும் இருந்தது. இப்போது நினைத்தால், என்னைக் காப்பாற்றின மருந்தில் பாதி அந்தப் படலைகளில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் எனக்கு ஒரு அப்பளத் துண்டுகூட நீட்டவில்லை. கலியாண வீட்டில்கூட என்னைக் கண்டதும் இலையில் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் வவுனியா டொக்டர் சின்னப் பட்டியைக் கட்டிப் பார்த்தார். இந்தத் தரம் நான் அழவில்லை. மூத்திரமும் தெளிந்திருந்தது. "இனிக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தொடங்கலாம். ஆனால் கூடச் சேர்க்கக் கூடாது. வருஷா வருஷம் கையைக் கட்டிப் பாக்க வேணும்" என்றார். ஐயா அந்த இடத்திலேயே அழுதார். சிரிக்க மறந்துவிட்டார் போல.

முட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வண்டிலில் போனேன். அந்தச் சனத்துக்குள், அந்தப் பறைச் சத்தத்துக்குள், மாமி என்னைத் தூக்கிப் பிடிக்க, உப்பு முழுவதையும் அம்மாளாச்சியிடம் கொட்டினேன். திரும்பி வந்து மரத்துக்குக் கீழே சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். அம்மா என் சோற்றில் முதல் தரம் உப்புத் தூவினார். துள்ளிக் குதிப்பேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கைத்தது. துப்பினேன்.

அம்மா மாமியின் பக்கம் கையை நீட்டினார். மாமி இலையை மூடினார்.

"எனக்கு வேண்டாம் மச்சாள். பிள்ளைக்கு நேர்ந்தது வைகாசி வரைக்கும். நான் எனக்குக் காலம் வைக்கயில்லை."

பிறகு தன் வீட்டுக்குப் போனார், வந்தார், போனார், கடைசியில் எங்களோடேயே தங்கிவிட்டார். உப்பைத் தொடவில்லை. எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரஷர் மறுபடி எட்டிப் பார்த்தது. வருஷா வருஷம் பார்த்து வந்ததால் வேளைக்குப் பிடித்துவிட்டார்கள். அப்போதும் மாமிதான் சமைத்தார். யுத்தத்தில் எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடினபோது எங்களோடு ஓடினார். அந்த முட்டியும், வட்டக் கண்ணாடியும், டொக்டர் மேசையில் வைத்த சாடியும் ஓட்டத்தில் போய்விட்டன. முகாமில் பெரிய கிடாரத்தில் அவித்த பருப்பும் சோறும் தந்தார்கள். உப்பே இல்லை. சனம் எல்லாம் முகம் சுளித்தது. மாமி கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "என்னை விட்டால் சமைக்கத் தெரிஞ்ச இன்னொருத்தன் இஞ்சதான் இருக்கிறான்."

நல்ல வயது போய்த்தான் செத்தார். நித்திரையில். டொக்டர்மார் எத்தனை தரம் கையைக் கட்டிப் பார்த்தும் மாமிக்குப் பிரஷர் வரவேயில்லை. நான் பட்ட வருத்தத்தில் சுகமாக வாழ்ந்தவர் அவர்தான். அதையும் அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "உனக்கு நான் குடுத்ததுக்கு நீ எனக்குக் குடுத்தது கூட" என்பார்.

சரி, மிக்சருக்கு வருவோம்.

அந்தப் பக்கற்றைக் கண்ட அன்று நான் சத்தம் போடவில்லை. எடுத்து மேசையில், பேத்தியின் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு இப்போது சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஊறுகாய்ச் சாடி வந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். லொறி வந்த இடத்தில் என் கையைப் பிடித்தாள். முடிந்த பிறகு எழும்பிப் போய்விட்டாள். பக்கற் மேசையில் அப்படியே கிடந்தது. நானும் அதைத் தொடவில்லை. அவளுடைய வாய், அவளுடைய சிறுநீரகம். நான் எத்தனை நாளைக்குத் தலையணையைத் தட்டிக்கொண்டு திரிவேன்?

பின்னேரம் வலைப்பந்து விளையாடிவிட்டு வியர்வையோடு வந்தாள். நான் குசினியில் அவளுக்கும் எனக்கும் தேசிப்புளி விட்டு மீன் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கற்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மம்மா, இது எந்த ஊர் உப்பு?"

"கிளிநொச்சிச் சந்தையில வாங்கினது போல கிடக்கு."

"யாழ்ப்பாணத்து உப்பில்லையே?"

"இல்லை மேனை."

"அப்ப கணக்கில வரும்" என்று என் மடியில் போட்டுவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்து இருந்தாள்.

மாமி மாதிரிப் படலை படலையாக வர என் முழங்கால் விடாது. அதனால்தான் வாங்கில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிட்டேன். இது என் பேத்தி. இவளுக்கு உப்புக் கூடக்கூடாது. பார்க்க வாருங்கள், தலையைத் தடவுங்கள், வலைப்பந்தைப் பற்றிக் கேளுங்கள், வெறுங்கையோடு வாருங்கள். பக்கற் என் கிளினிக் பைக்குள் திறக்காமல் இருக்கிறது. வைத்தவர் வந்து எடுக்கலாம். ஆனால் முதலில் தாதியிடம் கையைக் கட்டிப் பார்த்துவிட்டு.